நான்கு மொழிப் பத்திரிகையும் ஒரு சொல்லும்

கோலாலம்பூருக்கு அருகே உள்ள சுங்கை வே தமிழருக்கு ஜாலான் டெம்ப்ளர் சாலை ஒன்றும் தூரமில்லை. அங்கே இருக்கும் அசம்ப்ஷன் தேவாலயத்தின் மீது 2010 ஜனவரி 8 அன்று பெட்ரோல் குண்டு வீசினார்கள். நல்லவேளை, வெடிக்கவில்லை. அதன் பின்னணியில் இருந்தது ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகை.

மறைபரப்பு என்றதும் நமக்கு வானொலியும் தொலைக்காட்சியும் நினைவுக்கு வரும். அமெரிக்க ஆயர் ஃபுல்டன் ஷீன் 1950களில் கரும்பலகையும் சாக்கட்டியுமாகத் தொலைக்காட்சியில் தோன்றி வீடு வீடாகப் புகுந்தார். மலாயா ஆயர்கள் நம்பியது அச்சை. 1935 ஜனவரியில் ஆயர் அட்ரியன் டெவால்ஸ் சிங்கப்பூரில் ‘மலாயா கத்தோலிக் லீடர்’ இதழைத் தொடங்கினார். நான் சொன்ன அந்த வாரப் பத்திரிகை, ‘ஹெரால்ட்’, வந்தது 1994இல். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கும் ஒரே இதழில். கோலாலம்பூர் பேராயர்தான் வெளியீட்டாளர். வெளியீட்டு பெர்மிட்டும் அவர் பெயரில். பூசை முடிந்து கோயில் வாசலில் இதழை வாங்கும் நம் பாட்டி, மற்ற மூன்றையும் தள்ளிவிட்டு நேரே தமிழ்ப் பக்கத்துக்குப் போவார். சிக்கல் பிறந்ததோ மலாய்ப் பக்கத்தில்.

சபா, சரவாக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடவுளை ‘அல்லா’ என்றே மலாயில் அழைக்கிறார்கள். ஹெரால்டும் அப்படியே எழுதியது. உள்துறை அமைச்சு தடுத்தது. அப்போதைய பேராயர் மர்ஃபி பாக்கியம், 1938இல் தாப்பாவில் பிறந்தவர், நீதிமன்றம் போனார். 2009 ஜனவரியில் பெர்மிட்டோடு நிபந்தனையும் வந்தது: வழக்கு முடியும்வரை அந்தச் சொல் கூடாது, அட்டையில் ‘தெர்ஹாட்’ என்று அச்சிட வேண்டும். ‘வரையறுக்கப்பட்டது’, அதாவது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று அர்த்தம். நற்செய்தி சொல்லும் இதழின் நெற்றியிலேயே இப்படி ஒரு முத்திரை!

2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் பேராயருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒன்பதாம் நாள் அசம்ப்ஷனில் அந்தக் குண்டு. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் கதவைச் சாத்திவிட்டது.

கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது என்பது தமிழ்க் கத்தோலிக்கருக்கும் பழைய கேள்விதான். 1578இல் கொல்லத்தில் ஹென்ரிக் பாதிரியார் அச்சிட்ட நூலின் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. பிறகு தத்துவ போதகர் என்ற பாதிரியார் காலத்தில் ‘சர்வேசுரன்’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘கடவுள்’. தம்பிரானும் சர்வேசுரனும் சைவர் நாவிலும் புழங்கிய சொற்கள். அவற்றுக்காக யாரும் பெர்மிட் கேட்டு நிற்கவில்லை. நான்கு மொழியில் ஒரே கடவுளை எழுதிய பத்திரிகைக்கு ஒரே ஒரு மொழியில் மட்டும் பூட்டு விழுந்தது என்னவோ எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதே சொல் தொடர்பாகச் சரவாக் பெண் ஜில் அயர்லண்ட் தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2023இல் அரசாங்கம் தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.