காலுக்குத் தெரியாத நடுக்கம்: கல்முனைக் கரையோரத்தில் நிலநடுக்க ஆயத்தத்தின் வரலாறு

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 6.58 மணியளவில் சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடித்தரை பிளந்தது. நடுக்கத்தின் பருமன் 9.1, பிளவின் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை உள்ள ஊர்களில் அப்போது தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கரைவலைக்காரர்கள் கடற்கரையில் நின்றார்கள். அவர்களை வீட்டைவிட்டு ஓடச்செய்யும் ஆட்டம் எதுவும் நிலத்தில் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் 35,000க்கும் அதிகமானோர் இறந்தும் காணாமலும் போயினர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் கல்முனை அடங்கிய அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை.

மேசைக்கடியில் ஒதுங்கு, தலையை மூடு, ஆட்டம் நின்றதும் வெளியேறு என்ற அறிவுரை நிலம் ஆடும் நாடுகளுக்குப் பொருந்தும். கல்முனையைக் கொன்ற நடுக்கமோ சுமார் 1,600 கிலோமீற்றர் தொலைவில் நிகழ்ந்தது. ஆகவே இக்கரையில் நிலநடுக்க ஆயத்தத்தின் வரலாற்றை எழுதுவதென்றால், தொலைவில் நடந்த ஒன்றைப் பற்றிய செய்தி கடற்கரை வளவு வரை வந்துசேர்ந்த வழியைத்தான் எழுதவேண்டும்.

இக்கரைக்கு அலை புதிதல்ல. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கையையும் தொட்டது. இன்றைய அம்பாறை மாவட்டத்துப் பாணமையில் ஒருவர் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் அது வாய்வழி நினைவாக நிலைக்கவில்லை. நிலைத்தது 1978 நவம்பர் 23ஆம் திகதியின் சூறாவளி. கூரை பறந்த அந்த இரவைப் பெரியவர்கள் இன்றும் வயதுக் கணக்குக்கு வைத்திருக்கிறார்கள்: “சூறாவளிக்குப் பிறந்தவன்” என்றால் ஆளின் வயது தெரிந்துவிடும். சூறாவளி ஒரு பாடத்தையும் விட்டுச்சென்றது. காற்றடித்தால் கல்வீட்டுக்குள், பாடசாலைக்குள், பள்ளிவாசலுக்குள் போய்க் கதவைச் சாத்து. காற்றுக்கு அது சரியான பாடம். கடலுக்கு நேர் எதிரானது. கடல் வரும்போது கரையோர வீட்டுக்குள் ஒதுங்குவது சாவை அழைப்பதாகும். ஒரு பேரிடரின் ஞானம் அடுத்த பேரிடரில் மனிதரைக் கைவிடக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

2004க்குப் பின் பரவிய இன்னொரு பாடத்தையும் இங்கு நிறுத்திப் பார்க்கவேண்டும். “கடல் உள்வாங்கினால் ஓடு” என்பது அது. சிறுபிள்ளையும் அதைச் சொல்லும். அன்றைய பிளவில் கடலடித்தரையின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது. இலங்கையை நோக்கி முதலில் வந்தது எழுச்சி. நம் கரையில் நீர் முதலில் ஏறியது, பிறகுதான் வற்றியது, அதன்பின் இன்னும் பெரிதாக வந்தது. கடற்கரையில் நின்று கடல் வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர், சுமாத்திராவிலிருந்து வரும் அலைக்குக் காலந்தாழ்த்தியே ஓடுவார். இது பாடசாலைச் சுவரொட்டிகளில் திருத்தப்படவேண்டிய வரி. காலும் உணராது, கண்ணும் முந்தாது. மிஞ்சுவது காது மட்டுமே.

அந்தக் காதுக்குச் செய்தி வரும் வழி அன்று இருக்கவில்லை. பல்லேகலையில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி நடுக்கத்தை நிமிடங்களுக்குள் பதிந்தது. அந்தப் பதிவிலிருந்து கரைக்கு ஒரு சொல் புறப்படுவதற்கான ஏற்பாடு எந்தத் திணைக்களத்திடமும் இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அந்த வெறுமைக்குப் பிறந்த விடை. அதன் வழியே அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திர நாடுகளுக்குத் தகவல் அனுப்புகின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் அதை எச்சரிக்கையாக்குகிறது. கரையோரங்களில் 77 எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், அதே சுமாத்திராவுக்கு அப்பால் பருமன் 8.6 நடுக்கம். நாட்டின் கரையோர மக்களுக்கு வெளியேறும்படி அறிவிக்கப்பட்டது. கடலடித்தரை பக்கவாட்டில் வழுக்கியதால் பேரலை எழவில்லை. வீண் ஓட்டம் என்று அதைச் சொல்வோரை நான் மறுக்கிறேன். நடுக்கத்தின் பருமன் முதலில் தெரிகிறது, அது எப்படி வழுக்கியது என்பது பிறகுதான் தெரிகிறது. அந்த இடைவெளியில் ஓடுவதே ஆயத்தம்.

ஓடுவது எங்கே? கல்முனை, சாய்ந்தமருது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெரிந்த ஓர் ஒடுங்கிய பட்டி. பிரதான வீதி கடலுக்கு இணையாகச் செல்கிறது; அதில் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கடலிலிருந்து தூரம் கூடுவதில்லை. குறுக்கு வீதிகளால் மேற்கே, வயல் பக்கம் போகவேண்டும். கைபிடித்து நடக்கும் ஒரு மூத்தம்மாவுக்கு ஒரு கிலோமீற்றர் இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். எச்சரிக்கை முதல் கால்மணிக்குள் வந்தால் அவர் தப்பலாம். ஒரு மணி கழித்து வந்தால் தப்புவது நிச்சயமில்லை. மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வீதியை அடைத்தால் கணக்கே மாறும்.

காணிப் பஞ்சமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. 2004க்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டக்கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டது, பின்னர் தளர்த்தப்பட்டது. மருதமுனையின் மேட்டுவட்டையில் ஒரு குடியிருப்புக்கு “65 மீற்றர் வீட்டுத்திட்டம்” என்றே பெயர். கடலோடு ஒட்டி விலக்கப்பட்ட தூரம், மக்கள் நாவில் ஊர்ப்பெயராகிவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளோ நீதிமன்ற வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன.

கோபுரங்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். தொலைபேசிக் கோபுரங்கள் நெரிசலில் முடங்கும். நாளுக்கு ஐந்துமுறை இயக்கிப் பார்க்கப்படும் ஒரே ஒலிபெருக்கி பள்ளிவாசலுடையது. பற்றரி இருந்தால் மின்சாரம் நின்றாலும் பேசும். ஆனால் அதன் முன் நிற்கும் மோதினாரிடம் என்ன அறிவிக்கவேண்டும் என்பது ஓர் அட்டையில் எழுதி வைக்கப்பட்டிருக்கவேண்டும்: யாரிடமிருந்து செய்தி வந்தது, எந்த வீதியால் மேற்கே போகவேண்டும், எவ்வளவு நேரத்துக்குத் திரும்பக்கூடாது. 2004இல் முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கவும் ஆள் தேடவும் திரும்பியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. அதனால் கடைசி வரி மிக அவசியம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற நாட்களில் வெளியூர் மக்களும் கடலோரத்தில் திரள்வார்கள். எந்தக் குறுக்கு வீதி எங்கே போகும் என்று அறியாத அவர்களுக்காக, அந்த அட்டையில் வீதிகளின் பெயரோடு அடையாளமாக நிற்கும் கடை, பாடசாலை, பாலம் ஆகியவற்றையும் எழுதவேண்டும்.