எழுத்தாணியும் தூரிகையும்

ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீண்டுகிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், எத்தாளையின் மாலை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடிவதில்லை. நீரையும் வானையும் பிரிக்கும் கோடு அழிந்து ஒளி மட்டும் எஞ்சுகிறது. அங்கு நின்றபோது, பாரிசில் வாழ்ந்த சீன ஓவியர் சாவோ வூ-கி நினைவுக்கு வந்தார். அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களின் நடுவெளி இப்படித்தான் ஒளிரும்.

1920இல் பீகிங்கில் பிறந்த சாவோ, சிறுவயதில் பாட்டனாரிடம் எழுத்துக்கலை பயின்றவர். ஹாங்சோ கலைப்பள்ளியில் படித்து, 1948இல் பாரிஸ் சென்றார். சீன அலங்காரப் படம் என்று தம் ஓவியத்தை எவரும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில், மையை முற்றாக விலக்கிவைத்தார். விந்தை என்னவென்றால், அவரைத் தம் மரபின் பக்கம் திருப்பியவர் ஓர் ஐரோப்பியர். 1951இல் சுவிட்சர்லாந்தில், குறிகள் நிறைந்த பால் க்ளேயின் ஓவியங்களைக் கண்டார். சில ஆண்டுகளில் பண்டைய எலும்பு எழுத்துகளையும் வெண்கல எழுத்துகளையும் ஒத்த வடிவங்கள் அவர் கித்தானில் தோன்றின. பின்னர் அவையும் கரைந்து, எழுதும் கையின் வீச்சு மட்டும் நின்றது. 1971இல் மனைவி நோயுற்றிருந்த நாட்களில் மையையும் மீண்டும் கையில் எடுத்தார்.

மை ஓவியத்தில் தீட்டாமல் விட்ட தாளே ஒளி. எண்ணெய் ஓவியத்திலோ கித்தான் முழுவதும் வண்ணம் படர்வதால், ஒளியையும் தீட்டித்தான் உண்டாக்க வேண்டும். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பரப்பினால், அடிநிறம் மேல்நிறத்தினூடே கசியும். அந்த நீர்த்த வண்ணத்தில்தான் தூரிகையும் மையில் ஓடுவதுபோல் தடையின்றி ஓடும். சாவோவுடன் ஹாங்சோவில் படித்த சூ தே-சுன் 1955இல் பாரிஸ் வந்தார். 1969இல் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் கண்காட்சியைப் பார்த்தபின், அவருடைய ஓவியங்களில் இருளுக்குள்ளிருந்தே ஒளி எழலாயிற்று.

இதே காலத்தில் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரும் எழுத்தை நாடினார். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மலையாளத்தை ஒத்த வரிகளும் ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் நெருங்கி நிற்கும். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவரும் அவரே. அவருடைய ஓவியங்களில் எழுத்தின் உருவம் உண்டு. சீனர்களிடம் காணும் வீச்சு இல்லை. இதைக் குறையென்று நான் சொல்லவில்லை. காரணம் எழுத்தாணி என்பது என் எண்ணம். ஓலையில் கீறும் ஆணிக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. கீறியபின் கரி பூசினால்தான் எழுத்தே தெளிவாகத் தெரியும். சீனப் பிள்ளை தூரிகையால் எழுதப் பழகியபோது, நம் பிள்ளை மணலில் விரலாலும் ஓலையில் ஆணியாலும் பழகியது.

எத்தாளைக் கரையில் நின்று இதைச் சொல்வதானால் ஒரு திருத்தம் வேண்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகத் தமிழை அரபு எழுத்திலும் எழுதிவந்தார்கள். அரபு எழுத்துக்கலையின் கருவி நாணல் எழுதுகோல். சரித்து வெட்டிய அதன் முனை திரும்பும் இடமெல்லாம் கோடு தடித்தும் மெலிந்தும் செல்லும். ஆக, அந்த வீச்சைத் தமிழும் அறிந்தேயிருந்தது. அரபுத்தமிழை இன்று சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.