பெயர் பறிபோன துரை – அத்தியாயம் 2

மாஸ்க் ஏரிக்கரை மாளிகையில் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட்டைச் சென்ற வாரம் விட்டுவிட்டு வந்தோம். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலிக்கும் ஏஜென்ட் அவர். ‘கேப்டன்’ என்பது ஊரார் ஒட்டவைத்த பட்டம். பட்டாளத்தில் அவர் இருந்தது மூன்று வருஷம்கூட இல்லை. விளைச்சல் பொய்த்ததால் குத்தகையில் நூற்றுக்கு 10 தள்ளுபடி என்றார் பிரபு. 25 வேண்டும் என்றார்கள் குடியானவர்கள். பிரபு மறுக்க, பாய்காட் கோர்ட்டுக்குப் போனார். 11 குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் தயாரானது.

1880 செப்டம்பர் 22. போலீஸ் பாதுகாப்போடு அமீனா வந்தார். மூன்று வீட்டில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. நான்காவது வீட்டுக்காரி வாங்க மறுத்தாள். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கல், சேறு, சாணம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. அமீனாவும் போலீஸும் மாளிகைக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தார்கள்.

அடுத்த நாள் ஒரு கூட்டம் மாளிகைக்கு வந்தது. பண்ணையாட்கள், வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். கொல்லர் லாடம் அடிக்க மாட்டார். சலவைக்காரி துணி எடுக்க மாட்டாள். பக்கத்து ஊர் பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மாட்டார்கள். தபால் கொண்டுவரும் சிறுவனையும் மிரட்டி நிறுத்தினார்கள். வயலில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் அறுவடைக்குக் காத்துக் கிடந்தன.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அமீனா வந்ததற்கு மூன்று நாள் முன்னால், செப்டம்பர் 19 அன்று, என்னிஸ் நகரக் கூட்டத்தில், குடியானவர்களுக்காகப் போராடிய லேண்ட் லீக் அமைப்பின் தலைவர் பார்னல் பேசியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவன் குத்தகைக்கு எடுக்கிறானோ, அவனை அடிக்க வேண்டாம், ஒதுக்கி வையுங்கள் என்று. கவனியுங்கள், அவர் சொன்னது நிலம் எடுப்பவனைப் பற்றி. மேயோக்காரர்கள் அதை ஏஜென்ட் பக்கம் திருப்பினார்கள். நம் ஊர்களில் ஊர்விலக்கு என்பது பெரும்பாலும் வலுத்தவர் இளைத்தவர்மேல் ஏவிய ஆயுதம். மேயோவில் இளைத்தவர்கள் அதைப் பிடுங்கி மேலே வீசினார்கள் என்பதே இந்தக் கதையின் விசேஷம். அதற்காக எல்லாம் அறவழியில்தான் நடந்தது என்று பூசி மெழுகத் தேவையில்லை. மாளிகைக்கு வேலை செய்யக்கூடாது என்று கொல்லருக்குக் கொலைமிரட்டலும் போனதாகப் பாய்காட்டே எழுதினார்.

எழுதியது லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு. அக்டோபர் 18 அன்று கடிதம் வெளிவந்தது. ஏரிக்கரைச் சங்கதி இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

அதற்கு முன்பே இன்னொரு சம்பவம் நடந்துவிட்டது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத், உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் கை போகவில்லை. என்ன விஷயம் என்றார் பாதிரியார். ஒரு சொல் அகப்படவில்லை என்றார் ரெட்பாத். சமூக விலக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த ‘ஆஸ்ட்ரசிசம்’ கிரேக்க வழியில் வந்த படிப்பாளிச் சொல். குடியானவர்களுக்குப் புரியாது என்று பாதிரியாரும் ஒப்புக்கொண்டார். நெற்றியைத் தட்டி யோசித்தவர், ‘அவரைப் பாய்காட் செய்வது’ என்றே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார். அக்டோபரிலேயே ரெட்பாத் அதை அமெரிக்கப் பத்திரிகையில் அச்சேற்றினார்; நவம்பரில் ‘டைம்ஸ்’ பத்திரிகையும் எடுத்துக்கொண்டது. இந்த விருந்துக் கதைக்கு ரெட்பாத் எழுதிவைத்ததுதான் ஆதாரம். பத்திரிகைக்காரர் சொன்ன கதை என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. பயிர்? பத்துப் பதினைந்து கூலியாட்கள் போதும் என்றார் பாய்காட். வடக்கே அல்ஸ்டரில் இருந்த அவருடைய ஆதரவாளர்கள் வேறு கணக்குப் போட்டு ஆள் அனுப்பினார்கள். நவம்பர் 11 அன்று கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் 50 பேர். அவர்களைக் காக்க நூற்றுக்கணக்கில் துருப்புகளும் போலீஸும். அறுவடை செய்யவேண்டிய பயிரின் மதிப்போ சுமார் 500 பவுண்டு.

அதைக் காப்பாற்ற அரசாங்கம் கொட்டிய பணம் எவ்வளவு, காவலுக்கு வந்த சிப்பாய்கள் பாய்காட்டின் தோட்டத்தை என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)