மறைந்த உலோகத்தைத் தேடும் கருவி

மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பொருளைக் கண்டறிய வேண்டுமென்ற விருப்பம் மிகப் பழையது. புதையல் இருக்குமிடத்தை அறிவதற்காக மை போட்டுப் பார்த்தோரும் குறி கேட்டோரும் தமிழ் ஊர்களில் ஒரு காலத்திற் பலர். இன்று கையிலே தூக்கிச் செல்லத்தக்க ஒரு கருவி, தட்டுப் போன்ற தன் தலையை நிலத்துக்குச் சற்று மேலே அசைத்துச் செல்லும்போது, உள்ளே உலோகம் உண்டென்பதை ஒலியால் அறிவிக்கின்றது. ஆனால் இக்கருவி உலகறிய வந்தது புதையலைத் தேடியன்று. சாவுக் கட்டிலிற் கிடந்த ஒருவரைக் காப்பாற்றும் முயற்சியிலேயே.

1881 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் நகரப் புகையிரத நிலையத்திலே சுடப்பட்டார். குண்டொன்று முதுகின் வழியே பாய்ந்து உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைத் துழாவினர்; குண்டு அகப்படவில்லை. அவ்வேளையில் உதவிக்கு முன்வந்தவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியை ஆக்கிப் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்.

பெல் கையாண்ட தத்துவம் எளிது. ஒரு கம்பிச் சுருளில் மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதைச் சூழ்ந்து மாறும் காந்தப்புலம் ஒன்று தோன்றும். அருகே இரண்டாவது சுருள் ஒன்றை, அதில் மின்னோட்டம் எழாதவாறு சமன்செய்து வைத்தால், அதனோடு இணைத்த தொலைபேசி மௌனமாயிருக்கும். உலோகத்துண்டு ஒன்று கிட்ட வந்ததும் காந்தப்புலம் அவ்வுலோகத்துள்ளே சிறு மின்னோட்டங்களைச் சுழலச் செய்யும், அவை சமநிலையைக் கெடுக்கும், தொலைபேசி ஒலிக்கும். உள்நாட்டுப் போரிலே காயமுற்று, உடலிற் குண்டுகளைத் தாங்கி வாழ்ந்த பழைய போர்வீரர்கள் மீது பெல் தம் கருவியைச் சோதித்துப் பார்த்தார். அது பலித்தது.

ஜூலை 26 ஆம் திகதியும் ஆகஸ்டு 1 ஆம் திகதியும் ஜனாதிபதியின் உடல்மீது கருவி வைக்கப்பட்டது. தெளிவான விடை கிடைக்கவில்லை. நோயாளி கிடந்த மெத்தையின் கீழே உருக்குக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்ததைப் பெல் பின்னரே அறிந்தார். இதனினும் பெரிய தடை வேறொன்று. குண்டு வலப்பக்கத்திலே உள்ளதெனத் தலைமை மருத்துவர் உறுதியாக நம்பினார். தேடலும் அப்பக்கத்தில் மட்டுமே நிகழ்ந்தது. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே பெல்லின் மனைவி குறைமாதத்திற் பெற்ற ஆண்மகவு பிறந்த அன்றே இறந்தது. செப்டம்பர் 19 ஆம் திகதி கார்பீல்டும் மாண்டார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. கருவி கேட்கப்பட்ட இடத்திலன்றி வேறிடத்தில் விடை சொல்லாது என்பதே அத்தோல்வி தந்த பாடமாகும்.

அரை நூற்றாண்டின் பின், ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கெர்காட் பிசர் என்ற வானொலிப் பொறியியலாளர் நிலத்தடி உலோகத்தைத் தேடும் கருவியொன்றை அமைத்து, 1937 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப்பொழுது அது கனிப்பொருள் தேடுவோருக்கும், புதைந்த குழாய்களைத் தேடுவோருக்கும் உரிய கருவியாயிருந்தது.

இரண்டாம் உலகப் போர் அதற்கு வேறொரு வேலையைக் கொடுத்தது. கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வீரர் துப்பாக்கிமுனைக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்தியே வழி கண்டனர். போலந்து நாடு பகைவர் கைப்பட்டபின் ஸ்கொத்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையைச் சேர்ந்த ஜோசப் கொசாக்கி என்ற அதிகாரி, 1941-42 குளிர்காலத்தில், ஒரு மனிதன் சுமந்து செல்லத்தக்க கண்ணிவெடி காட்டியை உருவாக்கினார். அதன் நிறை ஏறத்தாழ 14 கிலோகிராம். அதனாற் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ அதனைப் பிரித்தானியப் படைக்கு இலவசமாக வழங்கினார். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் விடுத்த நன்றிக் கடிதமே அவர் பெற்ற கைம்மாறு. 1942 ஒக்டோபரில் எகிப்தின் எல் அலமெயினில், 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளுக்கு ஊடே பாதை திறந்த படைக்கு அத்தகைய 500 கருவிகள் அளிக்கப்பட்டன. நிலத்தைத் துப்புரவாக்கும் வேகம் அவற்றால் இரட்டித்தது.

ஆயினும் போர்க்கலை அத்துடன் நின்றுவிடவில்லை. உலோகத்தைக் கருவி காட்டிக் கொடுத்ததால், கண்ணிவெடி செய்வோர் மரப்பெட்டியையும் கண்ணாடியையும், பின்னர் பிளாஸ்டிக்கையும் நாடினர்.

அமைதிக் காலத்தில் இதே கருவி வரலாற்றுக்குத் துணைபுரிந்ததும் உண்டு. 1992 நவம்பர் 16 ஆம் திகதி, இங்கிலாந்தின் சபொக் மாவட்டத்து ஒக்ஸன் என்ற ஊரில், விவசாயி ஒருவர் வயலிற் தொலைத்த சுத்தியலை அவர் நண்பர் இக்கருவியாற் தேடினார். அகப்பட்டவை 14,000 க்கும் மேற்பட்ட உரோம நாணயங்களும் பொன், வெள்ளி அணிகலன்களும். அவர் ஆசையால் முற்றாகத் தோண்டிவிடாமல், அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஆகவே, மரப்பெட்டியில் அவை அடுக்கப்பட்டிருந்த முறையையும் அறிஞர் அறிய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, இரண்டும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. பேராசையோடு தோண்டுவோன் பொன்னை எடுக்கின்றான். அதன் வரலாற்றை அழிக்கின்றான். இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவதைத் தடுத்திருப்பதும் இதனாலேயே.

2009 இல் போர் முடிந்தபின், இலங்கையின் வடக்கிலே இக்கருவி மீண்டும் உயிர்காக்கும் பணியில் ஈடுபட்டது. முகமாலை போன்ற இடங்களிற் புதைந்திருந்த கண்ணிவெடிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக். உள்ளே இருந்த உலோகமோ மிகச் சிறியது. அதனை உணரும் அளவுக்குக் கருவியைக் கூர்மையாக்கினால், துருவேறிய ஆணிக்கும் வெற்றுத் தோட்டாவுக்கும் அது ஒலிக்கும். ஒலித்த இடமெல்லாம் முழந்தாளிட்டு, மண்ணைப் பக்கவாட்டிலே சிறிது சிறிதாக நீக்கிப் பார்க்க வேண்டும். நூறு முறை ஆணி வந்ததென்று நூற்றோராவது முறை அலட்சியம் செய்தல் ஆகாது. அவ்வேலையைச் செய்தோருட் பலர் அவ்வூர்களைச் சேர்ந்த பெண்கள்.

உலோகம் உண்டென்பதற்கு மேல் இக்கருவி எதையும் சொல்வதில்லை. அது ஆணியா, நாணயமா, மரணமா என்று தெரிந்துகொள்வது அதனை ஏந்திய மனிதனின் பொறுமையைப் பொறுத்தது. பெல்லின் கருவியை ஒரே பக்கத்திற் கேட்டவர்கள் ஓர் உயிரை இழந்தனர். ஒவ்வோர் ஒலியையும் மதித்துக் கேட்ட பெண்களின் உழைப்பால், ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து தம் காணியிலே மறுபடியும் கால் வைத்தனர்.