வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி

தென்கோடியில் பாளையங்கோட்டை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகளைப் பெற்றுவிட்டது. தோல்தொழில் செழித்த வேலூர்–ஆம்பூர் வட்டாரத்திலோ சிறப்புக் கல்வி அறிவு பெரிதும் மருத்துவமனை வழியாகவே வளர்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தையும், 1966இல் மேரி வர்கீஸ் தலைமையில் மறுவாழ்வு நிலையத்தையும் தொடங்கியது. பாகாயத்தின் ‘நம்பிக்கை நிலையம்’ அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தையோடு பெற்றோரையும் சில வாரங்கள் தங்கவைத்துப் பயிற்றுகிறது. பட்டம் ஏதுமில்லாத தாயே கற்பிக்கும் முறையைக் கைக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரக்கணக்கில் கூலியை இழந்து தங்க எத்தனை பேரால் முடியும்? ஆகவே அந்தத் தாய் கற்பதை வகுப்பாசிரியரும் கற்றாக வேண்டும்.

நாட்டின் பயிற்சி முறை அந்தத் திசையில் போகவில்லை. 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப்பள்ளிக்கு அழைத்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற இந்திய மறுவாழ்வு மன்றமோ பார்வை, செவித்திறன், அறிவுத்திறன் எனக் குறைபாட்டு வாரியாகச் சிறப்பாசிரியர்களை உருவாக்கியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் உள்ளடக்கிக் கற்பிப்பதற்கென, பொது பி.எட். மாணவருக்கு 2014 பாடத்திட்டச் சட்டகம் ஒதுக்கியது அரைத்தாள் மட்டுமே. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றபின், ஒரு வகைக்கு ஒரு நிபுணர் என்ற கணக்கு எந்தக் கிராமப் பள்ளிக்கும் ஒத்துவராது.

பிரெயிலையும் சைகை மொழியையும் அரைத்தாளில் கற்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. உலகெங்கும் வகுப்பறைகளில் புழங்கும் பெர்கின்ஸ் பிரெயில் எழுதுபொறியைக் காட்பாடியின் வொர்த் டிரஸ்ட் தயாரிக்கிறது. அதன் விசைகளைச் சொல்லித்தர நிபுணர் தேவைதான். ஆனால் எங்கே உட்காரவைப்பது, பாடத்தை எப்படிச் சிறு படிகளாக உடைப்பது, தேர்வை எப்படி மாற்றுவது என்பவை அன்றாட வேலைகள். வட்டார வள மையத்திலிருந்து எப்போதாவது வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநரால் அவற்றைச் செய்ய இயலாது. தாய்க்கு ஒரு குழந்தை, ஆசிரியருக்கு முப்பது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பயிற்சி மட்டும் அதைத் தீர்க்காது, ஆள் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூரின் உருது வழிப் பள்ளிகளுக்கு அந்த ஆள் உருதும் அறிந்தவராக இருக்க வேண்டும். பயிற்சித் திட்டங்கள் இதைப் பொருட்படுத்தாதது பெருங்குறை. சிறப்பாசிரியர் பற்றாக்குறை குறித்த ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதையடுத்து 2022இல் மத்திய அரசு, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கும், உயர்தொடக்க வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என விதித்தது. அதற்கான பணியிடங்களை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.