ஒரு பார்லி ரகம் பிழைத்த கதை



பார்லி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நீர்க்கடுப்புக்கு அம்மா காய்ச்சித் தரும் பார்லித் தண்ணீர். 'மால்ட்' என்றால் ஹார்லிக்ஸ் பாட்டில். அதே மால்ட்தான் பியருக்கும் அடிப்படை. பயப்படாதீர்கள், குடிக்கச் சொல்லி எழுதவில்லை :-) ஒரு தானியத்தின் தலைவிதியை யார் தீர்மானிக்கிறார்கள் என்று தேடியபோது கிடைத்த கதை இது. நடந்தது இங்கிலாந்தில்.

முதலில் மால்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பார்லியை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு நீரில் ஊறவைத்து, தரையில் பரப்பி முளைக்க விடுவார்கள். முளை வரும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது இவைதான். முளை நீண்டு சத்தையெல்லாம் தின்றுவிடுவதற்குள் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். தரையில் கிடக்கும் தானியம் சூடேறாமலும் வேர்கள் பின்னிக்கொள்ளாமலும் இருக்க, பகலிலும் இரவிலும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை!

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளிலேயே பியர் தயாரித்தார்கள். 1697-ல் மால்ட் மீது வரி வந்தது. வரி ஏற ஏற ஏழை வீடுகளில் அந்த வழக்கம் தேய்ந்தது. கூலிக்காரனின் வீட்டுப் பியரை இந்த வரிதான் பறித்தது என்று வில்லியம் காபெட் 1820களில் கோபமாக எழுதினார். 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் அந்த வரியை நீக்கி, பியர் மீது வரி போட்டார். ஆனால் அதற்குள் மால்ட் தயாரிப்பு பெரும்பாலும் வீட்டை விட்டுப் போய்விட்டது.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். பெயர் 'மாரிஸ் ஆட்டர்'. கேம்பிரிட்ஜில் இருந்த தாவர இனப்பெருக்க நிறுவனத்தில் ஜி.டி.எச். பெல் குழுவினர் 'ப்ராக்டர்', 'பயனியர்' என்ற இரண்டு ரகங்களை ஒட்டி உருவாக்கியது. நிறுவனம் இருந்த இடத்துக்கு அருகில் ஓடும் மாரிஸ் சந்துதான் பெயரின் முதல் பாதி. 1960களின் நடுவில் வெளியாகி, 1970களில் கொடிகட்டிப் பறந்தது. காரணம், தானியத்தில் நைட்ரஜன் குறைவு. நைட்ரஜன் குறைந்தால் புரதம் குறையும், மாவுச்சத்து கூடும், பியர் கலங்காது.

பிறகு ஏன் சரிந்தது? இதைவிட அதிக மகசூல் தரும் புதிய ரகங்கள் வந்தன. பெரிய பியர் ஆலைகளுக்கு விலைதான் முக்கியம். விவசாயிக்கும் மூட்டைக் கணக்குதான் முக்கியம். 1989-ல் மாரிஸ் ஆட்டர் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் விதையே கெட்டுப்போயிருந்தது. சான்று பெறாத விதையை மீண்டும் மீண்டும் விதைத்ததில் வேறு ரகங்கள் கலந்துவிட்டன. மால்ட் போடுபவருக்கு இது பெரிய தலைவலி. ஒன்று இன்று முளைக்கும், இன்னொன்று நாளை முளைக்கும் என்றால் எந்த நேரத்தில் உலர்த்துவது?

அப்போதுதான் எச். பானம், ராபின் ஆப்பெல் என்ற இரண்டு விதை வியாபார நிறுவனங்கள் களத்தில் இறங்கின. 1990களின் தொடக்கத்தில் சுத்தமான விதையை மீண்டும் பெருக்கும் பொறுப்பை ஏற்று, 2002-ல் அந்த ரகத்தின் உரிமையையே வாங்கிவிட்டன. விதையும் விளைச்சலும் ஒப்பந்தத்தின்படியே நடக்கும், குறைந்த மகசூலை ஈடுகட்டக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது ஏற்பாடு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சிறிய பியர் தயாரிப்பாளர்கள். அதே 2002-ல் பிரிட்டன் அரசு சிறு ஆலைகளுக்கு வரியைக் குறைத்ததும் அவர்களுக்கு உதவியது.

வில்ட்ஷயரில் 1855-ல் கட்டப்பட்ட வார்மின்ஸ்டர் மால்ட் கூடத்தையும் ஆப்பெல் பிற்பாடு வாங்கி நடத்தினார். தரையில் பரப்பிக் கையால் கிளறும் பழைய முறை அங்கே தொடர்ந்தது. அமெரிக்காவிலும் 2010-ல் மாசசூசெட்ஸில் 'வேலி மால்ட்' போன்ற சிறு மால்ட் கூடங்கள் தோன்றி, பக்கத்து வயல்களின் தானியத்தை வாங்கத் தொடங்கின.

இதில் நான் யோசித்தது ஒன்று. மாரிஸ் ஆட்டரைக் காப்பாற்றியது அரசுப் பட்டியல் இல்லை, வாங்க ஆள் இருந்ததுதான். வாங்க ஆள் இல்லாத ரகங்கள்? 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுக்க விளைந்த 'செவாலியர்' பார்லி வயல்களிலிருந்து அப்படியே மறைந்துபோனது. விதை வங்கியில் கொஞ்சம் இருந்ததால்தான் நாரிச்சில் உள்ள ஜான் இன்ஸ் மைய விஞ்ஞானிகளால் அதை மீண்டும் விளைவிக்க முடிந்தது. விளைவித்துப் பார்த்தால், கதிரைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு இருந்தது! அந்தக் கைப்பிடி விதை இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த முறை வீட்டில் கேழ்வரகு முளைகட்டும்போது முளை வந்ததில் கொஞ்சம் எடுத்து மென்று பாருங்கள். லேசாக இனிக்கும். இவ்வளவு கதையும் அந்த இனிப்பில்தான் ஆரம்பம்.