தேசிங்கின் புகழும் ஆர்தரின் வீரரும்

மேல்நாட்டார் ஆர்தர் மன்னனையும் அவனுடைய வட்டமேசை வீரரையும் பற்றிய கதைகளைப் பெரிதும் போற்றுவர். அவற்றுள் காதலும் மானமும் ஒன்றையொன்று நெருக்கும் இடங்களே சுவை மிக்கவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் புலவர் கிரெத்தியன் இயற்றிய கதை ஒன்றில், கவர்ந்து செல்லப்பட்ட அரசியைத் தேடிப் போகும் இலான்சலத்து, குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏற நேர்கிறது. ஏறினால் பெயர் கெடும். ஏறாவிடில் அரசியைக் காண வழியில்லை. இரண்டடி தயங்கிப் பின் ஏறுகிறான். அந்த இரண்டடித் தயக்கத்திற்காகவே அரசி பின்னர் அவனை முகங்கொடுத்துப் பாராது சினக்கிறாள்.

இத்தகைய கதை நம்மிடம் உண்டா எனின், பலரும் சங்கப் பாடல்களையே காட்டுவர். யான் செஞ்சிக் கோட்டையைக் காட்ட விரும்புகிறேன். பெரிய எழுத்துப் புத்தகமாகப் பாமரரும் உரக்கப் படித்த தேசிங்குராசன் கதையைப் பண்டிதர் சிலர் நாட்டுப்பாடல்தானே என்று ஒதுக்கினர். ஒதுக்கத் தக்கதன்று அது.

வரலாறு சுருக்கமானது. 1698இல் முகலாயர் மராட்டியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினர். பின்னர் ஔரங்கசீப் அக்கோட்டையைப் பந்தேலா இராசபுத்திரனாகிய சொரூப்சிங்கிடம் ஒப்படைத்தான். 1714இல் அவன் இறக்க, மகன் தேஜ்சிங் உரிமை கொண்டான். அப்பெயரே தமிழர் நாவில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பாக்கிப் பணம் கேட்டான். ஔரங்கசீப்பின் ஆணை தன்னிடம் உண்டு என்றான் இளைஞன். புதிய பேரரசன் அதனைப் புதுப்பித்தாலன்றிச் செல்லாது என்றனர் நவாபின் தரப்பினர். வழக்காக மட்டும் நோக்கின், நவாபின் கூற்று வலுவற்றதன்று. ஆயினும் தேசிங்கு பணியவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் நாள், சிறு படையோடு பெரும்படையை எதிர்த்து மாண்டான். வயது இருபத்திரண்டு என்பர்.

இந்த வரிவழக்கைக் கதைப்பாடல் மானவழக்காக மாற்றிவிட்டது. நண்பன் மோவுத்துக்காரன் இசுலாமியன்; வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கும்போது செஞ்சியிலிருந்து செய்தி வருகிறது. மணத்தை விட்டுக் குதிரை ஏறுகிறான். இலான்சலத்துத் தயங்கிய இரண்டடியும் இவனிடம் இல்லை! ஆனால் இவன் போனது காதலை நோக்கியன்று. காதலை விட்டு நட்பை நோக்கி. சிங்கவரத்து அரங்கநாதர் போருக்கு விடைதர மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தெய்வம் தடுத்தும் தேசிங்கு நிற்கவில்லை.

முடிவையும் பாடல் தன் போக்கில் அமைத்துக்கொண்டது. வரலாற்றில் அவன் குண்டடிபட்டு வீழ்ந்தான். பாடலிலோ, நண்பனை இழந்தபின் தன் வாளை வானில் எறிந்து, விழும் வாளை மார்பில் ஏற்கிறான். பகைவன் எவனும் அவனைக் கொன்றேன் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்ததை அறிந்த நம்மவர்க்கு, இது புதிய எண்ணமன்று.

இராணிபாய் செய்தியில்தான் மனம் தடைப்படுகிறது. போருக்குப் புறப்படும் கணவனுக்கு அவள் விடைகொடுப்பது திரைக்கு அப்பாலிருந்து. பின்னர் அவள் தீப்புகுகிறாள். பிரெஞ்சுக் கதையில் வீரனின் தயக்கத்தை அளந்து தீர்ப்புச் சொல்பவள் அரசி. இராணிபாயோ தன் கணவனின் மானத்தைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்வதற்கில்லை. அதன் விலையை மட்டும் கொடுத்தாள். வகுப்பில் இவ்விடத்தைக் கற்பென்றும் வீரமென்றும் இரண்டு சொல்லிற் கூறிக் கடந்துவிடுதல் ஆசிரியர்க்கு அடாது. கேள்வி கேட்கும் மாணவிக்கு விடை வேண்டும்.

பாலாற்றின் மறுகரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே உள்ள இராணிப்பேட்டை, அவள் நினைவாகப் பகைவனான நவாபே அமைத்த ஊர் என்பது வழிவழி வரும் செய்தி. செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரன் சமாதியைக் காட்டுகின்றனர். பக்கத்திலேயே அவன் குதிரைக்கும் ஒரு சமாதி.